தேடினால் கிடைக்காத டீச்சர்

அத்தியாயம் 3

"செத்துப்போனவங்க பேரைத் தேடினாக்கூட போட்டோவோட வர்றாங்க. குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், நான் வரல!"

தையல் டீச்சர் இதைச் சொல்லிவிட்டுக் கையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தத்தில் சவுண்டு ஓர் அடி பின்னால் போனான்.

"டீச்சர், உங்களைத் தேடிக் குடுக்கறது எங்க பொறுப்பு. கத்தரிக்கோல் மட்டும் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்."

சவுண்டுக்கு நாற்பது வயது, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தொப்பை, சட்டையில் ஒரு பொத்தான் குறைவு. துப்பறியும் நிதானத்துக்கு ஒரே தம்பி, ஒரே உதவியாளன். அக்கா வாயைத் திறப்பதற்குள் இவன் பத்து வார்த்தை பேசிவிடுவான், அதனால் சவுண்டு. யார் எதைக் கேட்டாலும் பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அக்கா பதில் சொல்வாள், அதனால் நிதானம்.

இப்போதும் குடித்தாள்.

"காணாம போனது எது? ஆளா, பேரா?"

"பக்கம்! போன்ல எனக்குன்னு ஒரு பக்கம் இருக்கு. போன வாரம் வரைக்கும் 'தையல் டீச்சர்'னு தட்டினா நான்தான் முதல்ல வருவேன். இப்ப யார் வர்றா தெரியுமா? ஆணிக்கடைக்காரர்!"

"உங்களை எதிர்த்து நிக்கிறவரா?"

"அவரேதான். ஆணி விக்கிறவர் என்னைச் சுவத்துல அறைஞ்சுட்டார்."

தையல் பள்ளிதான் தேர்தல் அலுவலகமாக மாறியிருந்தது. வரிசையாகத் தையல் மெஷின்கள், நடுவில் துணி வெட்டும் நீள மேசை, அதன்மேல் துணிக்குப் பதில் துண்டுப்பிரசுரக் கட்டுகள். கதவிலும் சுவரிலும் ஒரே போஸ்டர். டீச்சர் முகம் மட்டும் முக்கால்வாசி, சிரிப்பு காதுவரைக்கும். வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. போன தடவை ஒரு கைப்பிடி ஓட்டு வித்தியாசத்தில் தோற்றவர் டீச்சர்.

"போனை விடுங்க டீச்சர். வீடு வீடா போய்க் கேட்டா ஆச்சு!" என்றான் சவுண்டு.

"பாதி வார்டு புதுசா குடிவந்த மாடி வீட்டுக்காரங்க தம்பி. கதவைத் தட்டினா டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு ஆளில்லாத மாதிரி இருக்காங்க. ஓட்டுப் போடற அன்னிக்குக் காலையில போன்ல தட்டிப் பாத்து, யார் வர்றாங்களோ அவங்களுக்குக் குத்திட்டுப் போயிடுவாங்க."

நிதானம் கேட்டாள். "பக்கத்தைச் செஞ்சது யாரு?"

மூலையில் ஒரு மெஷின் படபடவென்று ஓடத் தொடங்கியது. டீச்சரின் மகள்தான். ஊசியில் நூல் இல்லை, அடியில் துணியும் இல்லை. கோபம் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"என் மாப்பிள்ளை," என்றார் டீச்சர், மகள் காதில் விழும்படி. "செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருக்கார். அந்தக் கடை யார் கட்டடத்துல இருக்கு? ஆணிக்கடைக்காரர் கட்டடத்துல. பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு? மாப்பிள்ளைகிட்ட. கேட்டா 'சரியாயிடும் அத்தை'ங்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பாக்கல, செருப்பைப் பாக்கறார். சாயங்காலம் கூட்டம் இருக்கு. எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கப்போறேன். வீட்டுக்குள்ளயே எதிரியோட ஆளா இருக்கார், இன்னியோட அவருக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு."

மெஷின் நின்றது.

"சொல்லுங்கம்மா. அவர் போனா நானும் போறேன். பெட்டி கட்டியாச்சு."

"என் பெட்டியைத்தான கட்டியிருக்க? உன் பெட்டில பூட்டு இல்லையே!"

"பூட்டு இல்லாமயே போறேன்!"

அந்த நேரம் பார்த்து ஒரு கட்டுப் பிரசுரத்தைத் தோளில் சுமந்தபடி டீச்சரின் கணவர் உள்ளே வந்தார். அச்சகக்காரர். சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, விரல் நுனியில் என்றும் போகாத நீல மை. கட்டை இறக்கி வைத்து, கலைந்திருந்த ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தார்.

"பொறுமையா விசாரிங்கம்மா," என்றார் நிதானத்திடம். "மாப்பிள்ளை தங்கமான பையன்."

"உங்களுக்கு எல்லாரும் தங்கம்தான். அந்த ஆணிக்கடைக்கும் நீங்கதான போஸ்டர் அடிச்சுக் குடுத்தீங்க!"

"தொழில் வேற, வீடு வேற." சொன்ன வேகத்தில் அச்சகக்காரர் வெளியே போய்விட்டார்.

நிதானம் டீச்சரின் போனை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திரையில் டீச்சர் சிரித்தார். முகத்துக்குக் கீழே பெயர், வார்டு, வாக்குறுதிகள், எல்லாம் பளபளவென்று. நிதானம் ஒரு வரிமேல் விரலை வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை. பிறகு திரையின் நான்கு மூலைகளையும் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு. டீச்சர், சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் எதையும் உடைக்காதீங்க."

"வரலைன்னா?"

"வருவோம்," என்றான் சவுண்டு. "அக்கா வர லேட்டாகும், ஆனா வந்துருவா. பிறந்ததே அப்படித்தான்னு எங்க அம்மா சொல்லும்."

"தம்பி, அந்தப் பொத்தான் எங்க?"

"அது இன்னொரு கேஸ், டீச்சர்."

*

மாப்பிள்ளை கண்ணில் லென்ஸ் மாட்டி, ஒரு போனின் வயிற்றைப் பிளந்து வைத்திருந்தார். நிதானம் முதல் கேள்வியிலேயே விஷயத்துக்கு வந்தாள்.

"பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும்தானா?"

இடுக்கியிலிருந்த திருகாணி கீழே விழுந்தது.

"என்கிட்ட மட்டும்தான்."

"வேற யாருக்கும் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது." இந்தப் பதில் கேள்வி முடியும் முன்பே வந்துவிட்டது. "இங்க பாருங்க, தப்பு என்னோடதுன்னே வெச்சுக்கங்க. நான் சரி பண்ணிடுவேன். அத்தைகிட்ட அப்படியே சொல்லிடுங்க. இதுக்குப் போய் வேற யாரையும் விசாரிக்க வேண்டாம்."

"சாயங்காலம் உங்க அத்தை என்ன பண்ணப்போறாங்கன்னு தெரியுமா?"

"தெரியும். அவ பெட்டி கட்டும்போது நானும்தான் துணி மடிச்சுக் குடுத்தேன்."

"கட்டச் சொன்னீங்களா, அவிழ்க்கச் சொன்னீங்களா?"

"அவ கட்டினா நான் அவிழ்க்கவா முடியும்?" மாப்பிள்ளை குனிந்து திருகாணியைத் தேட ஆரம்பித்தார். தேவைக்கு அதிக நேரம் தேடினார்.

தெருவுக்கு வந்ததும் சவுண்டு கையைத் தட்டினான்.

"முடிஞ்சுது! மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே குற்றவாளி ஒத்துக்கிட்டான். நம்ம சரித்திரத்துலயே முதல் தடவை!"

"அதான்டா இடிக்குது."

"என்ன இடிக்குது?"

"காசை எடுத்தவன் 'நான் எடுக்கல'ம்பான். எவனுக்காகவோ மறைக்கிறவன்தான் 'நான்தான், என்னோட விடு'ம்பான்."

"அக்கா, இது என்ன நியாயம்? ஒத்துக்காதவனும் திருடன், ஒத்துக்கிட்டவன் திருடன் இல்ல. அப்ப நம்ம தொழில் எப்படி நடக்கும்?"

"வண்டியை எடு. ஆணிக்கடைக்குப் போகலாம்."

*

ஆணிக்கடைக்காரர் இவர்களைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மாவைக் காணோமா? அட நீங்க வேற! எனக்கும் அதே வியாதிதான். என் போன்ல என்னையே காணோம்! என் பேரைத் தட்டினா அந்தம்மாதான் பல்லைக் காட்டிட்டு வருது. பாருங்க!"

பார்த்தார்கள். அவர் போனில் இரண்டு எழுத்து தட்டுவதற்குள் டீச்சர் சிரித்தபடி வந்து நின்றார்.

சவுண்டு அந்தப் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நிதானம் தண்ணீர் குடித்தாள்.

"அண்ணே, டீச்சர் பக்கத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாப்பீங்க?"

"எதிரியைக் கண்காணிக்க வேண்டாமா? காலையில எழுந்ததும் பாப்பேன். சாப்பிடும்போது பாப்பேன். அப்புறம் படுக்கப் போகும்போது..."

"வீட்டம்மாவைக்கூட இத்தனை தடவை பாத்திருக்க மாட்டீங்க," என்றான் சவுண்டு.

"அவளும் அதைத்தான் கேட்டா. 'யாரு அந்தப் பொம்பளை'ன்னு."

"அதான் விஷயம்," என்றாள் நிதானம். "நீங்க எதை அடிக்கடி எடுத்துப் பாக்கறீங்களோ, அதையே போன் உங்ககிட்ட முதல்ல நீட்டும். அழுற குழந்தைக்குப் பழகின பொம்மையை நீட்டற மாதிரி. டீச்சர் போனும் அப்படித்தான். அவங்க நாள் முழுக்க உங்க பக்கத்தைப் பாத்துட்டு இருக்காங்க. ரெண்டு பேர் போனையும் நம்பக் கூடாது. உங்க ரெண்டு பேரையும் தெரியாத போன் ஒண்ணு வேணும்."

குழாய் வாங்க வந்த ஒரு பெண் பக்கத்தில் நின்று இதையெல்லாம் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். புதிதாகக் குடிவந்தவள்.

"என் போனைப் பாக்கறீங்களா? எனக்கு இந்த வார்டுல யாரையுமே தெரியாது. முந்தாநாள் எங்க தெருவுல விளக்கு எரியல, யார்கிட்ட சொல்றதுன்னு தேடிப் பாத்தேன். உருப்படியா ஒண்ணும் வரல."

அந்தப் போனில் 'தையல் டீச்சர்' என்று தட்டினார்கள். முதலில் வந்தது ஆணிக்கடைக்காரரின் பக்கம். டீச்சரின் பக்கம் எவ்வளவு தள்ளியும் வரவில்லை.

"பாத்தீங்களா, நான்தான்!" ஆணிக்கடைக்காரர் முகம் மலர்ந்தது.

சவுண்டு சத்தமாகப் படித்தான். "'தையல் டீச்சருக்குச் சாக்கடையைப் பற்றி என்ன தெரியும்? தையல் டீச்சர் என்றாவது ஒரு குழாயைத் திருகியதுண்டா? தையல் டீச்சரால் கிழிந்த சாலையைத் தைக்க முடியுமா?' அண்ணே, இது உங்க பக்கம்தான? உங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே!"

"என்னைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு?" என்றார் அவர், உண்மையாகவே யோசித்து.

நிதானம் அவர் எழுத்தின்மேல் விரலை அழுத்தினாள். அழுத்திய சொல் மட்டும் நீலமாக மாறியது. பிறகு பிரசுரத்தில் இருந்த முகவரியைத் தட்டி டீச்சர் பக்கத்தை வரவழைத்து, அங்கேயும் அழுத்தினாள். சொல் அசையவில்லை. முழுப் பக்கமும் ஒரே தகடாக, டீச்சர் மூக்கோடு சேர்ந்து அசைந்தது.

அவள் சிரித்துவிட்டாள். நிதானம் சிரிப்பது அபூர்வம்.

"அண்ணே, உங்களுக்கு டீச்சர் சார்பா ஒரு நன்றி."

"எதுக்கு?"

"சாயங்காலம் கூட்டத்துக்கு வாங்க. கடைசி வரிசையில உக்காருங்க."

வண்டியில் ஏறும்போது சவுண்டு குடைந்தான். "என்னக்கா கண்டுபிடிச்ச?"

"எப்படி மறைஞ்சாங்கன்னு."

"யார் மறைச்சதுன்னு?"

"அதுக்கு மூலையில குறி போட்டு வெச்சிருக்கு."

"ஒரு தடவையாவது ஒரு பதில் முழுசா சொல்லித் தொலையேன்! நானும் கூடப் பிறந்தவன்தான!"

*

சாயங்காலம் தையல் பள்ளி நிரம்பிவிட்டது. மெஷின் ஸ்டூல்களில் ஆதரவாளர்கள். கடைசி வரிசையில் ஆணிக்கடைக்காரர், தலையில் தொப்பி, யாருக்கும் அடையாளம் தெரியாது என்ற நம்பிக்கை. நுழைந்த எல்லாரும் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். மாப்பிள்ளை கதவோரம் நின்றார். மகள் அம்மாவின் பூட்டுள்ள பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

டீச்சர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லணும். இந்த வீட்டுக்குள்ளயே..."

"டீச்சர், ஒரு நிமிஷம்," என்றாள் நிதானம். "உங்க பக்கம் போன்ல கிடைக்கலைன்னா என்ன, அதையே நோட்டீஸா அடிச்சுக் குடுத்துடலாம்ங்கிறான் என் தம்பி."

"நானா?" என்ற சவுண்டு, அக்காவின் முழங்கை பட்டதும், "நான்தான்!" என்றான்.

நிதானம் போனை எடுத்துப்போய் அச்சகக்காரர் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, இதை அப்படியே காகிதத்துல அடிச்சா, ஓரம் எங்க வெட்டணும்?"

தொழில் கேள்வி. அச்சகக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். மை விரல் தானாகத் திரையின் மூலைக்குப் போனது.

"இதுல என்ன சந்தேகம்? நாலு மூலையிலயும் கூட்டல் மாதிரி வெட்டுக்குறி வெச்சிருக்கேன் பாருங்க. அதுக்கு ஒரு நூல் அளவு உள்பக்கமா..."

விரல் அங்கேயே நின்றது.

"'வெச்சிருக்கேன்'னு சொன்னீங்க," என்றாள் நிதானம் மெதுவாக.

"அய்யோ மாமா..." என்றார் மாப்பிள்ளை கதவோரத்திலிருந்து.

"காலையிலயே பாத்தேன். போன் திரையை எந்த மெஷின்ல குடுத்து யார் வெட்டப்போறாங்க? காகிதம் வெட்டியே பழகின கை ஒண்ணுதான் போனுக்கும் வெட்டுக்குறி வெக்கும்."

டீச்சர் கணவரைப் பார்த்தார். "என்னங்க?"

"நான்... போஸ்டரை எடுத்து முழுசா ஏத்திட்டேன்." அச்சகக்காரர் பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "மாப்பிள்ளை செஞ்சது வெறும் எழுத்தா இருந்துச்சு. மருந்து பாட்டில்ல ஒட்டற சீட்டு மாதிரி. உன் முகம் அதுல நகக்கண் அளவு. ஊர்ல எவன் எவன் மூஞ்சியையோ ஆள் உயரத்துக்கு அடிச்சுக் குடுக்கறேன். என் வீட்டு முகம் நகக்கண் அளவா? மனசு கேக்கல."

"அதுக்கும் நான் காணாம போனதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதான் டீச்சர் சம்பந்தமே," என்றாள் நிதானம். "தேடற இயந்திரத்துக்கு எழுத்து படிக்கத்தான் வரும். படத்தைப் பாத்து ரசிக்கத் தெரியாது. அண்ணன் ஏத்தினது ஒரே படம். உங்க பேரு, வார்டு, வாக்குறுதி எல்லாம் படத்துக்குள்ள மாட்டிக்கிச்சு. உங்க பக்கத்துல அது படிக்கற மாதிரி உங்க பேரு ஒரு எழுத்துகூட இல்ல. ஆணிக்கடை அண்ணன் பக்கத்துலயோ வரிக்கு ஒரு தடவை 'தையல் டீச்சர்'. திட்டா, பாராட்டான்னு இயந்திரம் கேக்காது. பேரு எங்க இருக்கோ அங்க ஆளைக் கூட்டிட்டுப் போகும்."

"ஆகமொத்தம் டீச்சர்," சவுண்டு எழுந்து நின்றான், "இந்த வார்டுல உங்க பேரை எழுத்துல எழுதின ஒரே மனுஷன் உங்க எதிரிதான்!"

எல்லாரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆணிக்கடைக்காரர் தொப்பியை எடுத்துவிட்டார். இனி அது எதற்கு?

"என் போஸ்டரா உன்னை மறைச்சுது?" அச்சகக்காரர் குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியாது. வேற எவனோ வேலை காட்டியிருக்கான், ரெண்டு நாள்ல உன் கோபம் தணியும்னு நெனச்சேன்."

"இருங்க. நீங்க எப்படி ஏத்தினீங்க? பாஸ்வேர்டு மாப்பிள்ளைகிட்ட மட்டும்தான?" டீச்சர் திரும்பினார். "மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை வழக்கம்போல் செருப்பைப் பார்த்தார்.

"நான்தான் குடுத்தேன் அத்தை. மாமா ஆசையா கேட்டாரு. ஏத்திட்டு அன்னிக்குப் பூரா என் கடையில உக்காந்து அதையே பாத்துட்டு இருந்தாரு. ரிப்பேருக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் காட்டினாரு. அதை எடுங்க மாமான்னு எப்படிச் சொல்றது? சத்தமில்லாம கீழ ரெண்டு வரி எழுத்து சேத்தேன். மோவாய்க்குக் கீழ எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னாரு. எடுத்துட்டேன்."

"அதுக்காக இந்தத் திட்டு அத்தனையும் வாங்கிட்டு நின்னீங்களா? கொஞ்ச நேரம் விட்டிருந்தா உங்களை ஊருக்கு முன்னாடி..."

டீச்சர் மாப்பிள்ளையின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மகள்.

"சொன்னா நீ அத்தைகிட்ட சொல்லிடுவ."

"பின்ன சொல்லாம?"

முதல் சிரிப்பு எந்த ஸ்டூலிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. அது அடங்கும்வரை காத்திருந்து நிதானம் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. பக்கம் திடீர்னு மாறினது உங்களுக்குத் தெரியவே இல்லையா டீச்சர்?"

டீச்சர் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பைச் சரிசெய்தார்.

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"நல்லாத்தான் இருந்துச்சு. மூஞ்சி பெருசா."

இந்தத் தடவை ஆணிக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார்.

டீச்சர் கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தார். "சரி, சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். என் வீட்டுக்குள்ளயே எனக்கு எதிரா வேலை செஞ்ச ஒருத்தர் இருக்கார். அவர் அடிச்ச போஸ்டர் உங்க முதுகுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கு, நல்லா பாத்துக்கங்க. இன்னொருத்தரை நான் சந்தேகப்பட்டேன். தப்பு என் மேல. மாப்பிள்ளை, அந்தப் பெட்டியை உள்ள கொண்டுபோய் வைங்க. அது என் பெட்டி."

கைதட்டலுக்கு நடுவில் மகள் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், மாப்பிள்ளை மறுபக்கத்தைப் பிடித்தார். ஒருவரே தூக்கக்கூடிய பெட்டிதான்.

பிறகு வேலை நடந்தது. வெட்டு மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்து மாப்பிள்ளை தட்டினார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சவுண்டு குறுக்கே விழுந்து எல்லாரையும் அடக்கினான்.

"அலங்காரமெல்லாம் வேண்டாம்! ஆணிக்கடையில குழாய் வாங்க வந்த அந்தம்மா எப்படித் தேடிச்சோ அப்படியே போடுங்க. 'எங்க தெருவில் விளக்கு எரியவில்லை, யாரிடம் சொல்வது?' அதுக்குக் கீழ, 'தையல் டீச்சரிடம் சொல்லுங்கள்.'"

"'சாக்கடை அடைச்சிருந்தா?'" என்றது ஒரு குரல்.

"அதுக்கும் டீச்சர்தான்."

"'குழாய்ல தண்ணி ஒழுகினா?'"

"அதுக்கு என் கடை இருக்கு!" என்றார் ஆணிக்கடைக்காரர் கடைசி வரிசையிலிருந்து.

கூட்டம் கலைந்தது. டீச்சர் சவுண்டை ஸ்டூலில் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றவிடாமல் அப்படியே பொத்தானைத் தைத்தார்.

"அசையாத தம்பி. குத்திடும்."

"பேசலாமா டீச்சர்?"

"கூடாது."

"அப்பாடா!" என்றாள் நிதானம். தண்ணீர்கூடக் குடிக்காமல்.

மேசையின் அந்த முனையில் அச்சகக்காரர் மாப்பிள்ளையின் தோளுக்குமேல் குனிந்து நின்றிருந்தார். போஸ்டர் இப்போது பக்கத்தின் தலையில், உள்ளங்கை அளவில். அதற்குக் கீழே வரி வரியாக எழுத்து. எறும்புகள்தான். இப்போது அவர் அப்படிச் சொல்லவில்லை.

"மாப்பிள்ளை, 'டீச்சர்'ங்கிற எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசாக்க முடியுமா?"

"முடியும் மாமா. படமா இல்லாம, எழுத்தாவே பெருசாக்கலாம்." ஆக்கிக் காட்டினார்.

அச்சகக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். மை விரல் திரையின் மூலைக்குப் போய்த் தயங்கியது.

"இந்த மூலையில... வெட்டுக்குறி?"

"வேண்டாம் மாமா," என்றார் மாப்பிள்ளை. "இதை யாரும் வெட்டப்போறதில்ல."